முழங்கால் ஆழத்துக் கடலைத் தேடிப் போகிறவருக்கு

நம் ஊர் மண்ணரையிலே பனியன் கம்பெனி நடத்துகிற ஒருவர், அயல்நாட்டுப் பையர் கைப்பேசியில் காட்டிய படத்தில், முழங்கால் அளவுத் தெளிநீரில் நின்றபடி ஒரு மனிதன் மெல்லிய கோலை வீசி, வெள்ளி வார்த்தாற்போன்ற மீன் ஒன்றைப் பிடித்து, அடுத்த நிமிஷமே அதை நீரில் விட்டுவிடுகிற காட்சியைக் கண்டு, தாமும் ஒரு தடவை போய் வந்தாலென்ன என்று எண்ணத் தொடங்கிவிட்டால், அதன் பின் அவரைத் தடுப்பது எளிதன்று. தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், நிட்டிங் மெஷின் வாங்குவதென்றால் ஜெர்மனியா, தைவானா, ஜப்பானா என்று மாதக்கணக்கில் ஆராய்கிற அதே மனிதர், இந்த விஷயத்தில் மட்டும் மீனின் பருமனைப் பார்த்தே இடத்தைத் தீர்மானித்துவிடுகிறார். என் அபிப்பிராயத்தில், முதன்முறை போகிறவர் பணம் கொடுத்து வாங்குவது சந்தர்ப்பங்களைத்தான். ஒரு நாளில் எத்தனை தடவை மீனைக் கண்ணால் கண்டு, அதன் பாதையில் ஃப்ளையை இறக்க முடியும் என்கிற அந்த ஒரு கணக்கைக் கொண்டே ஸ்தலங்களை எடைபோட வேண்டும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இந்த ஃப்ளை மீன்பிடிப்பிலோ, இறகும் ரோமமும் நூலும் கொண்டு முள்ளில் கட்டப்படும் ஃப்ளைக்கு எடையென்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாமையால், தடித்த லைனின் பாரமே அதைச் சுமந்து செல்ல வேண்டும். (அந்தக் கட்டுநூலையும் டெனியர் கணக்கிலேதான் விற்கிறார்கள் என்பதில் நம் ஊர்க்காரருக்கு ஓர் அற்பசந்தோஷம் இருக்கலாம்.) பஹாமாஸ் தீவுகளில் 1977இல் பாப் நாஹைம் என்ற அமெரிக்கரும் சார்லி ஸ்மித் என்ற தீவு வழிகாட்டியும் சேர்ந்து உருவாக்கிய ‘கிரேஸி சார்லி’ என்னும் ஃப்ளை, உலகெங்கும் இன்றளவும் போன்ஃபிஷ்ஷுக்கு உபயோகமாகிறது. இந்தப் போன்ஃபிஷ் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோவுக்குள் அடங்குகிற மீன்; நம் கடற்கரையில் பாறை மீனென்று வழங்கும் இனத்தில் பெரியதான ஜயண்ட் ட்ரெவல்லியோ வேறு ஜாதி, 2006இல் ஜப்பானில் பிடிபட்ட சாதனை மீன் 72.8 கிலோ. முன்னதற்கு எட்டாம் நம்பர் கோல் போதும்; பின்னதற்குப் பன்னிரண்டாம் நம்பர் வேண்டும். அதை நாள் முழுதும் காற்றில் வீசிய தோள், இரவில் சோற்றைப் பிசையவும் மறுக்கும்.

அருகிலிருப்பதை முதலில் பார்ப்போம். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் ஆழமற்ற கடல்கள்தாமே, அங்கே போனாலென்ன என்பது நியாயமான கேள்வி. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போட அனுமதி இல்லை. எஞ்சிய ஆழமற்ற பரப்போ நண்டு வலை போடுகிறவர்களுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் ஜீவனம் தருகிற இடம். அவர்கள் வயிற்றுக்காக இறங்குகிற நீரில் நாம் பொழுதுபோக்குக்காக நடந்து குழப்புவது எனக்கு உவப்பாக இல்லை. மீனை நீருக்குள் அடையாளம் காணக் கண்ணைப் பழக்குவதற்கு மட்டும், கரையோரம் நின்று பார்க்க அது நல்ல பள்ளிக்கூடம்.

லட்சத்தீவைக் கண்டால் ஆசை வரும். கண்ணாடி போன்ற காயல்களும் வெண்மணலும் அங்கே உண்டு. கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானமும், மற்றத் தீவுகளுக்குக் கப்பலும் உண்டு. ஆனால் தீவுக்காரரல்லாத இந்தியரும் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு பெற வேண்டும். தீவுக்காரருடைய பரம்பரைத் திறமையெல்லாம் உயிருள்ள சிறு மீனை இரையாக வீசிக் கழியால் சூரை பிடிப்பதில் இருக்கிறது. ஃப்ளைக்காரரை அழைத்துச் செல்லும் வழிகாட்டித் தொழில் அதைப்போல் வேரூன்றவில்லை. குடும்பத்தோடு போய், கோலையும் உடன் எடுத்துச் செல்கிறவருக்கே அது ஏற்றது.

அந்தமானுக்குச் சென்னையிலிருந்து இரண்டரை மணிக்குள் போய்விடலாம். பாஸ்போர்ட் வேண்டாம், தமிழ் பேச ஆள் கிடைக்கும், சாப்பாட்டுக்கும் கவலையில்லை. 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹாவ்லாக்கிலிருந்து புறப்படும் படகுகள் ட்ரெவல்லிக்குப் பேர்போனவை. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை ஆழ்கடல் விளிம்பில் நின்று பாப்பர், ஜிக் என்னும் செயற்கை இரைகளை எறிகிற படகுகள் என்பதைப் பதிவு செய்கிறவர்கள் கவனிப்பதில்லை. சதுப்புநிலக் காட்டை ஒட்டிய ஓடைகளில் உப்புநீர் முதலைகள் இருப்பதால், ஆழமற்ற நீரைக் கண்ட இடத்திலெல்லாம் இறங்கி நடப்பது விவேகமன்று. வண்டூரிலுள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும் பழங்குடிக் காப்பிடங்களிலும் மீன்பிடிக்கவே கூடாது. பெரிய மீனோடு மல்லுக்கட்டும் ஆசை உள்ளவருக்கு அந்தமான் சரி. நடந்து, தேடி, கண்டு வீசுகிற கலையைப் பயில விரும்புகிறவருக்கு அரைத்திருப்திதான் கிடைக்கும்.

அந்தக் கலைக்கு என் வாக்கு செஷல்ஸ் தேசத்துக்கே. அதன் முக்கியத் தீவான மாஹேயிலிருந்து தென்மேற்கே சுமார் 400 கிலோமீட்டரில், ஒரு மணி நேரச் சிறு விமானப் பயணத்தில் அல்ஃபோன்ஸ் தீவு. அதை அடுத்து செயின்ட் பிரான்ஸ்வா என்னும் பவளவட்டம். அதன் காயலுக்குள் கால் புதையாத கெட்டி மணல் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடக்க, ஏற்றநீரோடு போன்ஃபிஷ் கூட்டம் கூட்டமாக மேலேறி வருகையில், வழிகாட்டி நம் தோளருகே நின்று, ‘பதினொரு மணித் திசை, நாற்பதடி’ என்று கடிகார முகத்தைக் கொண்டே இலக்குச் சொல்லுகிறார்; வீச்சு தவறினாலும் சற்று நேரத்தில் அடுத்த கூட்டம் வந்துவிடும். தவறு செய்து திருத்திக்கொள்ள இப்படி இடம் கொடுக்கிற நீர் வேறெங்கும் எளிதில் அகப்படாது. செலவோ கொஞ்சநஞ்சமன்று, வாரக் கட்டணம் அமெரிக்க டாலரில் ஐந்திலக்கத்தைத் தொடக்கூடும். அதே தேசத்தின் கோஸ்மொலேடோவும், பறக்கும் பறவையை ட்ரெவல்லி எம்பிப் பிடிக்கும் காட்சியை 2017இன் ‘புளூ பிளானெட் 2’ படம் எடுத்த ஃபார்க்குவாரும் இன்னும் கீர்த்தி வாய்ந்தவை. அவை இரண்டாம், மூன்றாம் பிரயாணத்துக்கு உரியவை.

பெலீஸ் நம்மிடமிருந்து பூமியின் மறுபக்கம். அங்கே வழிகாட்டி படகின் பின்மேடையில் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ள, நாம் முன்னணியத்தில் நின்றபடியே வீசலாம் என்பதால், முழங்கால் வலி உள்ளவருக்கு அது பெரிய சலுகை. போன்ஃபிஷ், டார்பன், பெர்மிட் என்னும் மூன்று மீன்களையும் பிடித்தால் விட்டுவிட வேண்டுமென்று 2009இலேயே சட்டம் செய்த தேசம். அமெரிக்காவுக்கு வியாபார நிமித்தம் போகிறவர் ஒரு வாரம் நீட்டித்துக்கொண்டால் பொருந்தும். இதற்கென்றே இவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

எப்போது போவதென்றால், நம் பனியன் தொழிலில் கதவடைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். தீபாவளி வேளையில் அந்தமானில் மழை தீர்ந்திராது. செஷல்ஸில் மே முதல் செப்டம்பர் வரை வீசிய தென்கிழக்குக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும். பொங்கலை ஒட்டி அந்தமான் தெளியத் தொடங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீரோட்டம் ட்ரெவல்லிக்காரர் விரும்புவது. அந்நாட்களில் மணற்பரப்பு வற்றி வெளிப்படும் நேரமும் மிகுதி. ஆகவே தேதி குறிக்குமுன் அந்த இடத்து ஓத அட்டவணையை வாங்கிப் பாருங்கள். மேகம் மூடினால் மீன் கண்ணுக்குத் தெரியாது. போலரைஸ்டு கண்ணாடியும் அப்போது அதிகம் உதவாது.

பணம் கட்டுமுன் வழிகாட்டியிடமே பேச வேண்டும், ஏஜெண்டிடம் அன்று. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நடையா படகா, வானம் மூடினால் என்ன மாற்று, அந்தக் காயலில் அவருக்கு எத்தனை பருவ அனுபவம், முள்ளின் எதிர்முனையான பார்பை நசுக்கிவிடச் சொல்வாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்புகிறவர் மற்றவற்றிலும் மழுப்புவார். நீரில் பாதங்களைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்க வேண்டும், திருக்கை விலகிப் போவதற்காக. இதை முதல் நாளே சொல்லாத வழிகாட்டியும் சரியானவர் அல்லர்.

பயிற்சியை ஊரிலேயே தொடங்கலாம். முள் இல்லாமல், லைனின் நுனியில் சிறு நூல்கற்றை ஒன்றைக் கட்டிக்கொண்டு காலி மைதானத்தில் வீசிப் பழகுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மண்ணரையில் வேஸ்ட் நூலுக்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை. ஐம்பதடி தூரத்தில் ஒரு தட்டை வைத்து, மாலைக் காற்று எதிர்முகமாக அடிக்கும்போது, இரண்டே வீச்சு முன்பின் ஆட்டி அதன் அருகே நூலை இறக்குகிற அளவுக்குக் கை பழகிய பிறகு முன்பணம் அனுப்புங்கள். பழகாவிட்டால் அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போடுங்கள்.