தலைவலிக்கும் ரைஸ் டைம் உண்டு

நாலாவது செமஸ்டர் ஸ்டடி ஹாலிடே. சிவகிரி வீட்டு மாடியில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பதினொன்றரை இருக்கும். இடது நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரத்தில் ட்யூப்லைட்டைப் பார்க்க முடியவில்லை, குமட்டல் வேறு. அந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒரே வேலையைச் செய்தேன், கூகுள். கொஞ்ச நேரத்திலேயே மூளைக் கட்டியில் கொண்டுபோய் விட்டது. பயத்தில் வலி இரண்டு மடங்கானது.

அம்மா மேலே வந்து பார்த்தாள். "ஏலே, போன வச்சிட்டு லைட்ட அமத்திட்டுப் படு." அன்று கிடைத்த உருப்படியான மருத்துவம் அதுதான்.

மறுநாள் டாக்டரிடம் "இடது பக்கம் மட்டும் சார், இடது பக்கம் மட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆரம்பிச்சு உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?" என்று கேட்டார். முந்தின ராத்திரி நான் படித்துக்கொண்டிருந்த அதே ரைஸ் டைம்!

ஒரு பக்கம் மட்டும் வலிப்பதில் பெரிய மர்மம் இல்லை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் ரத்தக் குழாய்களுக்கும்தான் தெரியும். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது டிரைஜெமினல் நரம்பு. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, தனித்தனி வயரிங். ஒரு லைனில் சிக்னல் ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் வலிக்கும். கண், சைனஸ், பல் எல்லாம் இதே நரம்பில்தான் சேர்கின்றன. அதனால் கடைவாய்ப் பல் சொத்தைகூட நெற்றிப்பொட்டு வலியாக வேஷம் போடும்.

எனக்கு வந்தது மைக்ரேன். கிரேக்கத்தில் 'அரைத் தலை' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம், இரண்டும் ஒரே கணக்குதான். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை இருக்கும். மாடிப்படி ஏறினால் கூடும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. பெங்களூரு வட்டாரத்தில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் மைக்ரேன் வந்திருந்தது. நம் கிளாஸில் 60 பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவது, காலைச் சாப்பாட்டை விடுவது இரண்டும் இதற்குப் பிடித்த தீனி. ஹாஸ்டலில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

ஊசி குத்தினாற்போல் சில வினாடி வந்து போவது பலருக்கு உண்டு. பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஒரு கண்ணைச் சுற்றிப் பிளக்கிற வலி, அந்தக் கண்ணில் மட்டும் நீர், உட்கார முடியாத தவிப்பு, 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் என்றால் அது கிளஸ்டர் தலைவலி. அதற்கு வைத்தியமே வேறு, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். என் பெரியப்பா புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்கும்போது "பின்னந்தலையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி" என்றார். ஒரு நிமிடத்துக்குள் உச்சம். ஒரு பக்கத்தில் தொடங்கி தலை முழுக்கப் பரவியது. "பித்தம்டே, தூங்கினா சரியாப் போகும்" என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம். விடிந்த பிறகுதான் ஸ்கேன். மூளையின் ரத்தக் குழாய் ஒன்று பலூன் மாதிரி வீங்கி வெடித்திருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் சட்டைப் பொத்தான் போடப் பெரியம்மா வேண்டும்.

இப்படி ஸ்டெப் இன்புட் மாதிரி வரும் வலியில் சி.டி. ஸ்கேன் முதல் ஆறு மணி நேரத்தில் எடுத்தால் கசிவு தெளிவாகத் தெரியும். நேரம் போகப் போகத் தவற வாய்ப்பு கூடும். சிவகிரியிலிருந்து திருநெல்வேலி போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆகவே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே 108. வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு சேர்ந்தாலும் அப்படித்தான். சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்த பிறகோ, பைக்கில் விழுந்த பிறகோ ஒரு பக்கக் கழுத்தும் தலையும் வலித்து, இமை இறங்கினால் கழுத்து ரத்தக் குழாயில் கிழிசலாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நம் வயதில் வருவது. (அந்தச் சொடக்கை நான் விட்டுவிட்டேன்.)

கூகுள் காட்டிய கட்டி? பெரும்பாலும் அது வாரக்கணக்கில் மெல்லக் கூடும், வேறு அறிகுறிகளும் கூட வரும். தலைவலி மட்டுமே அடையாளமாக இருப்பது அரிது.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அதுவே தலைவலியை உண்டாக்கும். என் ரூம்மேட் அப்படித்தான் மாட்டினான்.

டாக்டர் என்னை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்: தேதி, தொடங்கிய மணி, உச்சம் எப்போது, எத்தனை நேரம், முந்தின ராத்திரித் தூக்கம், போட்ட மாத்திரை. மூன்று மாதத்தில் ஏழு பதிவு. அதில் ஐந்து, இன்டர்னல் தேர்வுக்கு முந்தின ராத்திரி.