மழலையைத் தடுக்கும் கை

இராஜகிருகத்தில் அபயன் என்னும் அரசகுமாரன் பகவானைத் தன் இல்லத்திற்கு அமுதுக்கு அழைத்து, பிறர்க்கு இனிமையற்ற சொல்லைத் ததாகதர் கூறுவாரோ என வினவினான். அவ்வமயம் அவன் மடியில் ஒரு சிறு குழந்தை கிடந்தது. இக்குழவி குச்சியையோ கல்லையோ வாயிலிட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று பகவான் திருப்பிக் கேட்டார். இடக்கையால் தலையைப் பற்றி, வலக்கை விரலை வளைத்து, குருதி வரினும் எடுத்துவிடுவேன் என்றான் அபயன். ஏன் என்றதற்கு, குழந்தையின்பால் உள்ள இரக்கத்தால் என்றான். மஜ்ஜிம நிகாயத்தின் 58ஆம் சூத்திரத்தில் இதனைக் காணலாம். (கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது உள்ளே இறங்கிவிடக்கூடும் என்பது இன்றைய மருத்துவர் எச்சரிக்கை.)

கருணை என்பது குழந்தையை அதன் போக்கில் விடுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அடிப்பதற்கும் இதில் இடமில்லை. அபயனின் கை கல்லை எடுக்கிறது, குழந்தையைத் தண்டிக்கவில்லை. பள்ளியில் உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டினுள் அச்சட்டம் நுழைவதில்லை. அங்கே நம்மைத் தடுப்பது நம் சீலமே.

பெங்களூரில் குழாய்நீர் நாள்தோறும் வாராத தெருக்களில் டிரம்மில் நீர் சேமிக்கிறோம். ஒன்றரை வயதுக் குழந்தை அதனருகே ஓடி, கையை விட்டு அளைகிறது. நீர் வீணாவது சிறிய கவலை. சிறிதளவு நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும் என்பதே பெரியது. எனவே முதலில் டிரம்மை இறுக மூடுக. பின் குழந்தையைத் தூக்கி, "இது வேண்டாம், கண்ணே" என்று ஒருமுறை, குரல் உயர்த்தாமல் கூறுக. உடனே ஒரு தட்டில் சிறிது நீரும் ஒரு தம்ளரும் வைத்து, அருகே அமர்ந்து, மொண்டு ஊற்ற விடுக. விளையாட்டு முடிந்ததும் தட்டைக் கவிழ்த்துவிடுக. நீண்ட அறிவுரை அவ்வயதிற்கு எட்டாது. ஆசையை அடக்கும் மூளைப்பகுதி அப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கிறது. வேண்டாம் என்பதை நாளைக்கும் மறுநாளைக்கும் சலியாது கூறவேண்டியதுதான்.

தச்சன் பருத்த ஆப்பை நுண்ணிய ஆப்பால் வெளியேற்றும் உவமையை மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆம் சூத்திரம் கூறும். அது தீய எண்ணங்களைக் குறித்துக் கூறப்பட்டதாயினும், தவழும் பருவத்தைக் கடந்த குழந்தைக்கும் பொருந்தும். சுவரில் கிறுக்கினால் பழைய செய்தித்தாள், எறிந்தால் துணிப்பந்து. கடித்தாலோ கையை விலக்கி, "கடித்தால் வலிக்கும்" என்று கூறி, கடிபட்ட குழந்தையை முதலில் தேற்றுக.

பசியும் உறக்கமும் மிகுந்த வேளையில் எப்பாடமும் ஏறாது. தாய் தடுத்ததைப் பாட்டி மிட்டாயோடு அனுமதித்தால் குழந்தை கற்பது அழுகையின் ஆற்றலையே. பெரியோர் தனித்திருந்து முன்கூட்டி ஒத்துக்கொள்ளல் நன்று. பேச்சு வளராமலும் தன்னைத்தானே ஓயாது அடித்துக்கொண்டும் இருக்கும் குழந்தையை மட்டும் அடம் என்று ஒதுக்காது மருத்துவரிடம் காட்டுக. நம் நகரின் நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலத்திற்கெனத் தனித்துறையே உளது.

வாயிலிட்ட கல்லின் உவமை அங்குத்தர நிகாயத்தின் ஐந்தின் தொகுதியிலும் வருகிறது. அங்கே குழந்தை வளர்ந்து அறிவு பெற்றபின் செவிலி காவலைத் தளர்த்துகிறாள். மூன்று வயதில் தம்ளரில் நீர் மொண்டு தாத்தாவிடம் கொண்டுசெல்லும் பணியைக் குழந்தைக்குக் கொடுத்துப் பாருங்கள்; சிறிது சிந்தினாலும் துடைக்கத் துணியையும் அதன் கையிலேயே கொடுங்கள்.