பிள்ளையோடு படிக்க வரும் மகளுக்கு

கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், தாங்களே விலகி வந்தவர்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, ஜவுளிக்கடையிலோ கார்மென்ட்ஸிலோ ஒரு வேலை, வாடகையும் மளிகையும் போனால் மிஞ்சாத சம்பளம். தொலைநிலைக் கல்வி மையத்தில் இருந்த காலத்தில் இப்படிப் பல பெண்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பட்டம் வாங்கிப் போனவர்களும் உண்டு, பாதியில் நின்றவர்களும் உண்டு. நின்றவர்களுக்குப் படிப்பு வராமல் இல்லை. பொருந்தாத படிப்பு, கூடாத கடன், அவசரம், இந்த மூன்றும்தான் அவர்களை நிறுத்தின. அதை வைத்துத்தான் சிலவற்றைச் சொல்கிறேன். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. எந்த வேலைக்காகப் படிக்கிறாய் என்று முதலில் தீர்மானி. "ஏதாவது ஒரு டிகிரி" என்று வராதே. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். அதற்குப் பட்டம் வரை காத்திருக்க வேண்டாம். தட்டச்சர் பணி வேண்டுமானால் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்திரு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். கடைக் கணக்கு எழுதும் வேலை என்றால் பி.காம். படிப்போடு டாலியும் கற்றுக்கொள். பொறியியல், நர்சிங், சட்டம் மூன்றையும் அஞ்சல் வழியில் படிக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர் உன் பணத்தைக் குறிவைக்கிறார்.

2. வரிசை தப்பாதே. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம். தமிழ்நாட்டு அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இந்த வரிசையில் படித்த பட்டம்தான் செல்லும். 2009-இல் அரசாணையே போட்டுவிட்டார்கள். பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கிவிட்டு, நேர்முகத்திலோ சான்றிதழ் சரிபார்ப்பிலோ கண் கலங்கியவர்கள் நிறைய. பள்ளியைப் பாதியில் விட்டிருந்தால் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டு வா. கூடுதலாகும் காலம் வீண் போகாது.

3. பல்கலைக்கழகத்தைச் சரிபார்த்த பிறகு பணம் கட்டு. தமிழ்வழியில் படிக்க 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985-இல் தொடங்கிய இக்னோவுக்குச் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. வேறு எதில் சேர்வதானாலும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யுஜிசி அனுமதி தந்திருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் பார். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீயே செலுத்து. இடைத்தரகர் கையில் ரொக்கம் கொடுக்காதே. ஒரே வருடத்தில் டிகிரி என்ற நோட்டீஸைப் பார்த்தால் படிக்காமலே கிழித்துப் போடு.

4. காகிதங்களை இப்போதே சேர்க்கத் தொடங்கு. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் என்றிருந்தால் எல்லா இடத்திலும் முட்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. வருமானச் சான்று, சாதிச் சான்று, கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கணவரை இழந்தவரானால் ஆதரவற்ற விதவைச் சான்று முக்கியம். டிஎன்பிஎஸ்சியில் பெண்களுக்கான இடங்களில் பத்து சதவீதம் அவர்களுக்கு. அந்தச் சான்றில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்து வேண்டும். விவாகரத்து ஆனவர்களும் கைவிடப்பட்டவர்களும் அந்தப் பிரிவில் வரமாட்டார்கள். அதை நம்பித் திட்டம் போடாதே.

5. குழு லோன் வாங்கிப் படிக்காதே. வாரத் தவணை கட்ட முடியாத முதல் வாரமே புத்தகம் மூடிவிடும். தொலைநிலைக் கட்டணத்தை ஆண்டுக்கு ஆண்டு கட்டினால் போதும். மாதாமாதம் சிறு தொகையாக அஞ்சலகத்தில் போட்டு வை. பட்டியலினத்தவருக்குக் கட்டணச் சலுகை உண்டா, வேறு விலக்கு உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொலைநிலையில் படிப்பவர்களுக்குக் கிடையாது. ஆனால் உன் மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால், நாளை அவள் கல்லூரிக்குப் போகும்போது கிடைக்கும்.

6. பிள்ளையின் அப்பா தர வேண்டியதைக் கேட்டு வாங்கு. பிள்ளைச் செலவுக்குப் பணம் தருவது அவர் கடமை. அதற்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. வக்கீல் வைக்கக் காசில்லை என்று இருந்துவிடாதே. பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலே வழி சொல்வார்கள். அவர் பங்கை அவர் கொடுத்தால், உன் சம்பளத்தில் உன் கட்டணத்துக்கு இடம் பிறக்கும்.

7. மெதுவாகப் படி. இக்னோவில் மூன்றாண்டு இளங்கலையை முடிக்க ஆறாண்டு வரை அவகாசம் உண்டு. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பருவத்தில் இரண்டு தாள் மட்டும் எழுது. மீதியை அடுத்த முறை எழுதலாம். அசைன்மென்டை மட்டும் தள்ளிப் போடாதே. அதற்கே முப்பது சதவீத மதிப்பெண்; வீட்டிலிருந்தே எழுதக்கூடியதும் அதுதான். இக்னோ பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் இறக்கி வைத்துக்கொள்.

8. பிள்ளையின் நேரத்தோடு உன் நேரத்தைப் பின்னு. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு போடுகிறார்கள். அடுப்படியில் மிச்சமாகும் அந்த அரை மணி உன் படிப்புக்கு. சின்னப் பிள்ளை என்றால் அங்கன்வாடி. சனி, ஞாயிறு வகுப்புக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போ, 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டில் இடமில்லையென்றால் கிளை நூலகத்துக்குப் பிள்ளையையும் கூட்டிப் போ. அம்மா படிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் படிக்கச் சொல்லித் தனியாக உபதேசம் வேண்டாம்.

9. உதவி கேட்கக் கூச்சப்படாதே. மெட்ராஸில் லலிதா என்ற பெண், பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் நாலு மாதப் பெண் குழந்தை. 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியலில் சேர்ந்து, 1943-இல் முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் அவர் ஒருவர். மருத்துவர் ஆனால் நடுராத்திரியில் குழந்தையை விட்டு ஓட வேண்டும் என்பதால்தான் பொறியியலை எடுத்தார். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா அனுமதி வாங்கித் தந்தார். குழந்தையைக் குடும்பம் பார்த்துக்கொண்டது. அவ்வளவு கெட்டிக்காரிக்கே ஆள் துணை வேண்டியிருந்தது. உனக்கு அம்மா இருந்தால் அம்மா, இல்லையென்றால் அடுத்த வீட்டு அக்கா. தேர்வு நாளுக்குப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே பேசி வை.

10. ஊர் வாய்க்குப் பதில் சொல்லிக் களைத்துப் போகாதே. "இந்த வயசுல எதுக்கு?" என்பவர்கள் நீ வேலைக்குப் போன அன்றே, "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். இரண்டுக்கும் சிரித்துவிட்டு வா.

இவ்வளவையும் இன்றே செய்ய வேண்டியதில்லை அம்மா. இந்த வாரம் இரண்டு வேலை மட்டும் செய். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் எடுத்து நகல் போடு. பிறகு இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடு. சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. வரப்போகும் சேர்க்கையில் உன் பெயர் இருக்கட்டும்.