‘சிங்க் ஆகவில்லை’ என்று சொல்வதற்கு முன்

ஆர்க்கிடெக்ட் ஒரு தூணை ஓரடி தள்ளி வைக்கிறார். டிராயிங்கைச் சேமித்து, பொது ஃபோல்டரிலும் ஏற்றிவிடுகிறார். மறுநாள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் திரையில் அந்தத் தூண் பழைய இடத்திலேயே நிற்கிறது. ‘சிங்க் ஆகவில்லை’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். நெட் சரியில்லை, சர்வர் சரியில்லை என்று பழி இடம் மாறும். கடைசியில் யாரோ ஒருவர் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஏற்கெனவே உலவும் நகல்களோடு இன்னொன்று சேரும். குழப்பம் ஒருபடி கூடும்.

டிராயிங் போர்டுக் காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. டிரேசிங் தாள் ஒன்றுதான். அதிலிருந்து எடுத்த அம்மோனியா பிரிண்டுகள் எத்தனையோ இருக்கும். திருத்தம் டிரேசிங்கில் மட்டுமே நடக்கும். ஒருவர் அதைத் தன் மேசையில் விரித்திருக்கும்போது இன்னொருவர் கைவைக்க முடியாது. அசல் எது, நகல் எது என்பதைத் தாளைத் தொட்டே சொல்லிவிடலாம். 1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தது. பிறகு நெட்வொர்க்கும் கிளவுடும் வந்தன. நகல்கள் எல்லாம் அசலின் முகத்தோடு உலவத் தொடங்கின. எந்த நகலையும் யாரும் திருத்தலாம் என்றாயிற்று. சிங்க் கோளாறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஃபைல் போய்ச் சேராததால் வருவதில்லை. போய்ச் சேர்ந்தவற்றில் எது அசல் என்று யாரும் முடிவு செய்யாததால் வருகிறது. பரவலான ஆறு நம்பிக்கைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

நம்பிக்கை 1: பச்சை டிக் விழுந்துவிட்டால் எல்லோரும் பார்ப்பது ஒரே டிராயிங்.

உண்மை: உங்கள் டிஸ்கில் உள்ளதும் சர்வரில் உள்ளதும் ஒன்று என்பதைத்தான் அந்த டிக் சொல்கிறது. மூன்றாவதாக ஒரு பிரதி இருப்பது அதற்குத் தெரியாது. ஆட்டோகேட் ஒரு டிராயிங்கைத் திறக்கும்போது அதைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. திரையில் தெரிவது அந்தப் பிரதி. நேற்று மாலை திறந்து மூடாமல் விட்ட டிராயிங், இரவில் டிஸ்குக்குப் புதிய ஃபைல் வந்திறங்கினாலும் நேற்றைய முகத்தையே காட்டும். எக்ஸ்ரெஃபாக, அதாவது தனி ஃபைலாகவே இருந்து இங்கே தெரியும்படி, இணைத்த டிராயிங் மாறினால் ஓரத்தில் ஓர் அறிவிப்பு வரும். அந்தச் சோதனையும் வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. அறிவிப்பு வந்த பிறகும் ரீலோட் கொடுக்கும்வரை பழைய கோடுகளே திரையில் இருக்கும். நேற்றுத் திறந்த டிராயிங்கில் ஓர் அளவைத் திருத்திச் சேமித்தால், இரவில் வந்த வேலையின் மேல் பழையது ஏறி உட்காரலாம். சிங்க் மென்பொருள் அதையும் கடமையாகச் சர்வருக்கு எடுத்துச் செல்லும். டிக்கும் பச்சையாகவே இருக்கும். ‘வேறொருவர் திறந்திருக்கிறார் என்று ஆட்டோகேட்டே எச்சரிக்குமே’ என்று கேட்கலாம். எச்சரிக்கும், ஆனால் அலுவலக சர்வரில் உள்ள ஒரே ஃபைலை இருவர் திறக்கும்போது மட்டும். கிளவுட் ஃபோல்டரில் ஒவ்வொருவரும் தத்தம் டிஸ்கில் உள்ள சொந்தப் பிரதியைத் திறக்கிறார்கள். ஒருவர் கதவைப் பூட்டியது அடுத்த வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

நம்பிக்கை 2: டிராயிங் வந்துவிட்டால் அதனோடு இணைந்தவையும் வந்துவிட்டன.

உண்மை: எக்ஸ்ரெஃப் இணைக்கும்போது தாய் டிராயிங்குக்குள் போவது ஒரு முகவரிதான். அந்த முகவரி ஒருவரின் டி டிரைவில் தொடங்கும் முழுப்பாதையாக இருந்தால், அதே பாதை இன்னொருவர் கணினியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்போது ‘கிடைக்கவில்லை’ என்று செய்தி வந்தால் அது நல்ல காலம். தவறு கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சொன்ன பாதையில் ஃபைல் இல்லாவிட்டால் ஆட்டோகேட் சும்மா இருப்பதில்லை. தாய் டிராயிங் இருக்கும் ஃபோல்டரிலும், அமைப்பில் குறித்துவைத்த வேறு ஃபோல்டர்களிலும் அதே பெயரைத் தேடும். மூன்று மாதத்துக்கு முன் யாரோ நகலெடுத்துப் போட்ட கிரிட் டிராயிங் அங்கே கிடந்தால், அதை எடுத்துச் சத்தமில்லாமல் காட்டிவிடும். எனவே தூண் பழைய இடத்தில் நின்றால் நெட்டைச் சோதிப்பதற்கு முன் எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸ் பலகையைத் திறக்க வேண்டும். அதன் விவரப் பகுதியில் ‘சேவ்ட் பாத்’, ‘ஃபவுண்ட் அட்’ என இரண்டு வரிகள் இருக்கும். எங்கே இருப்பதாக எழுதியிருக்கிறது என்பது முதல் வரி. உண்மையில் எங்கிருந்து எடுத்தது என்பது இரண்டாவது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நோய் அங்கேயே பிடிபட்டது. 2018 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் இயல்பாகவே சார்புப் பாதையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் பழைய டிராயிங்குகளில் பதிந்த முழுப்பாதைகள் தாமாக மாறாது. ‘எல்லாவற்றையும் பைண்ட் செய்து ஒரே ஃபைலாக்கிவிட்டால் என்ன?’ என்பார்கள். சைட்டுக்கு வெளியிடும் டிராயிங்குக்கு அது பொருத்தம்தான். வேலை நடக்கும் டிராயிங்கில் பைண்ட் செய்தால், மூலத்தோடு உறவை அறுத்துக்கொண்ட இன்னொரு நகல்தான் மிஞ்சும்.

நம்பிக்கை 3: பெயரும் தேதியும் சொல்வதை நம்பலாம்.

உண்மை: ஃபைல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் ரெபாசிட்டரி, ஃபைலின் திருத்த நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு ஃபைலை அது உங்கள் டிஸ்கில் எழுதும் நொடிதான் அந்த ஃபைலின் தேதியாகிறது. ஆறு மாதப் பழைய பதிப்பை வெளியே எடுத்தாலும் எக்ஸ்புளோரரில் இன்றைய தேதியே தெரியும். மறுபக்கம், ஒன்றையும் மாற்றாமல் திறந்து சேமித்தாலே தேதி புதிதாகிவிடும். பெயரும் இதே கதைதான். ‘பிளான் ஃபைனல்’, ‘பிளான் ஃபைனல் 2’ என்று பெயர் மாற்றினால், பழைய பெயரை முகவரியாக வைத்திருக்கும் எக்ஸ்ரெஃபுகள் பழைய ஃபைலையே காட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சர்வரில் அவை வேறு வேறு பெயர்கள். தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு நுட்பம் சேர்ந்துகொள்கிறது. ‘கோபுரம்’ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டுகளில் வேறு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்தே பதியும். அங்கிருந்து வந்த ‘கோபுரம்’ ஏற்கெனவே இருக்கும் ‘கோபுரம்’ பக்கத்தில் இரட்டைப் பிள்ளையாக உட்காரலாம். நம்பத்தக்க அடையாளம் ஹாஷ், அதாவது ஃபைலின் பைட்டுகள் அனைத்தையும் வைத்துக் கணக்கிடும் கைரேகை. விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையே அதைத் தந்துவிடும். ஹாஷ் ஒன்றானால் ஃபைலும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். வேறானால் வடிவமைப்பு மாறியிருக்கிறது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கடைசியாகச் சேமித்த நேரம் டிராயிங்குக்குள்ளேயே பதிவாவதால் வெறும் சேமிப்பும் ஹாஷை மாற்றும். அந்த இடத்தில் 2019 பதிப்பில் வந்த ஒப்பீட்டு வசதியால் இரண்டு டிராயிங்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே வழி.

நம்பிக்கை 4: திறக்காத ஃபைல், வழியில் கெட்டுப்போன ஃபைல்.

உண்மை: கெட்டுப்போவதும் உண்டு. ஆனால் அதை முதல் காரணமாக வைக்கத் தேவையில்லை. சந்தேகத்துக்குரிய டிராயிங்கை நகலெடுத்து, அந்த நகலை நோட்பேடில் திறந்தால் பாதி விடை கிடைத்துவிடும். முதல் ஆறு எழுத்துகளைத் தவிர மற்றவை கிறுக்கலாக இருக்கும். அந்த ஆறே போதும். ‘ஏசி1032’ என்றிருந்தால் அது 2018 வடிவம், ‘ஏசி1027’ என்றால் 2013 வடிவம், ‘ஏசி1024’ என்றால் 2010 வடிவம். 2015 பதிப்பு வைத்திருப்பவரால் 2018 வடிவத்தைத் திறக்க முடியாமல் போவதற்கும் சிங்குக்கும் தொடர்பே இல்லை; அனுப்புபவர் பழைய வடிவத்தில் சேமித்துத் தந்தால் தீர்ந்தது. சில சமயம் நோட்பேடில் கிறுக்கலே இராது. வெர்ஷன், ஓஐடி, சைஸ் என்று தொடங்கும் மூன்று சுத்தமான வரிகள் மட்டும் இருக்கும். ஃபைலின் எடையும் ஏறத்தாழ 130 பைட்டுகள்தான். அது டிராயிங்கே அல்ல, டிராயிங் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சீட்டு. 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை கிட்ஹப் ஏற்பதில்லை என்பதால், பெரிய ஃபைல்களுக்கு எல்எஃப்எஸ் என்ற துணைக்கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கருவியை நிறுவாத கணினிக்குச் சீட்டு மட்டுமே வந்து சேரும். கருவியை நிறுவி மீண்டும் இழுத்தால் டிராயிங் வந்துவிடும். இது தெரியாமல் ‘கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டி, ஏதோ ஒரு பழைய நகலை அதே பெயரில் ஏற்றுபவர்தான் உண்மையான சேதத்தைச் செய்கிறார்.

நம்பிக்கை 5: கிட்டில் போட்டுவிட்டால் இருவர் வேலையையும் அதுவே இணைத்துவிடும்.

உண்மை: 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட், லினக்ஸ் நிரல்களுக்காகப் பிறந்தது. நிரல் என்பது வரிவரியான எழுத்து. ஒருவர் பத்தாம் வரியையும் இன்னொருவர் ஐந்நூறாவது வரியையும் மாற்றினால் இரண்டையும் சேர்ப்பது எளிது. ஆட்டோகேட் டிராயிங்கில் வரி என்று எதுவும் இல்லை. அத்தகைய ஃபைலில் மோதல் வந்தால் உன்னுடையதா, அவருடையதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதோடு கிட்டின் வேலை முடிந்தது. தோற்றவரின் ஒருநாள் உழைப்பு அந்த ஃபைலிலிருந்து மறைந்துவிடும். ஆகவே இங்கே மருந்து, இருவர் ஒரே நேரத்தில் திருத்தாமல் தடுக்கும் லாக். இது பழைய யோசனை: 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்சிஎஸ் என்ற பதிப்புக் கருவி ஒரு ஃபைலை ஒருவர் கையில் மட்டுமே திருத்தக் கொடுத்தது. பின்னால் வந்த கருவிகள் லாக்கைக் கைவிட்டு இணைப்பை நம்பின. அவற்றில் ஒன்றான சப்வெர்ஷன், இணைக்க முடியாத ஃபைல்களுக்காக 2005இல் லாக்கைச் சேர்த்துக்கொண்டது. கிட் எல்எஃப்எஸும் 2017இல் அதே வழிக்கு வந்தது. ‘ஒருவர் லாக் போட்டுவிட்டு லீவில் போனால் வேலை நின்றுபோகுமே’ என்ற ஆட்சேபம் நியாயமானது. பொறுப்பாளர் அந்த லாக்கை விடுவிக்க இரண்டு கருவிகளிலுமே வழி உண்டு. அதைவிட முக்கியம், தாமதத்துக்குக் காரணம் லாக் இல்லை, மொத்தக் கட்டடத்தையும் ஒரே ஃபைலில் அடைத்ததுதான். கிரிட் தனி, சுவர் தனி, எலெக்ட்ரிகல் தனி, பிளம்பிங் தனி என்று பிரித்து எக்ஸ்ரெஃபால் கோத்துவிட்டால் ஒருவர் லாக் இன்னொருவர் வழியை மறிக்காது. ‘எழுத்து வடிவ ஃபைல் வைக்கும் மென்பொருளுக்கு மாறினால்?’ என்பது இன்னொரு கேள்வி. சர்க்யூட் வடிவமைக்கும் கீகேட் அப்படித்தான் சேமிக்கிறது. கிட்டும் அதை வரிவரியாக இணைத்துவிடும். ஆனால் வரிகள் மோதாததால் செம்புத் தடங்களும் மோதவில்லை என்று சொல்ல முடியாது. இருவர் தனித்தனியே போட்ட இரண்டு தடங்கள் ஒன்றையொன்று வெட்டுவதை கிட் அறியாது. இணைத்த கையோடு கீகேட்டின் விதிச் சோதனையை ஓட்டிப் பார்க்காமல் போர்டை உற்பத்திக்கு அனுப்பக் கூடாது.

நம்பிக்கை 6: கிளவுடில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும்போது ரெபாசிட்டரி எதற்கு?

உண்மை: தவறி அழித்த ஒரு ஃபைலை மீட்க அந்த வசதி நல்ல துணை. அதற்கு எல்லை உண்டு: கூகுள் டிரைவில் ஏற்றிய டிராயிங்கின் பழைய பதிப்புகள், ‘எப்போதும் வைத்திரு’ என்று குறிக்காவிட்டால் 30 நாட்களிலோ 100 பதிப்புகளைத் தாண்டும்போதோ நீக்கப்படலாம். கட்டுமானத் தகராறு 31ஆம் நாள் வராது என்று யார் உறுதி தருவது? அதைவிடப் பெரிய குறை, அந்த வரலாறு ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியானது. மார்ச் 10 அன்று சைட்டுக்குப் போனபோது கிரிட், சுவர், எலெக்ட்ரிகல் மூன்றும் எந்தெந்த நிலையில் இருந்தன என்பதை அதில் ஒரே இடத்தில் பார்க்க முடியாது. ரெபாசிட்டரியின் கமிட் மொத்தத் தொகுப்பையும் ஒரே நொடியில் எடுத்த குரூப் போட்டோ போன்றது. வடிவமைப்பின் பதிப்பு என்று சொல்லத் தகுதியானது அதுதான்.

இனி, தூண் பழைய இடத்தில் நிற்கும்போது சோதிக்க வேண்டிய வரிசை இது. முதலில் திரை: டிராயிங்கை மூடித் திறந்து, எக்ஸ்ரெஃபை ரீலோட் செய்ய வேண்டும். அடுத்து ‘ஃபவுண்ட் அட்’ வரி. அடுத்து டிஸ்க்: ஹாஷ் இருவரிடமும் ஒன்றா? சர்வரும் நெட்டும் கடைசி. ஏற்கெனவே கோளாறு இருக்கும்போது நகல் எடுத்து அனுப்புவது எந்தப் படியிலும் சேராது. சைட்டுக்குப் போகும் தாளின் டைட்டில் பிளாக்கில் ரிவிஷன் எழுத்தோடு கமிட் எண்ணின் முதல் ஏழு இலக்கங்களையும் அச்சிட்டால், கைக்கு வந்த காகிதத்திலிருந்தே அசலைத் தேடிப் போகலாம்.

‘புதியது யாரிடம் இருக்கிறது?’ என்ற கேள்விக்கு மூன்று பேர் கை தூக்கும் அலுவலகத்தில் எவ்வளவு வேகமான இணைப்பு வந்தாலும் பயனில்லை. தவறான நகல் இன்னும் விரைவாகப் பரவும், அவ்வளவுதான். டிராயிங் போர்டுக் காலத்தில் ‘டிரேசிங் யார் மேசையில்?’ என்று கேட்டால் ஒரு பெயர்தான் பதிலாக வந்தது. ரெபாசிட்டரியின் லாக் பட்டியலைத் திறந்தால் இன்றும் ஒவ்வொரு ஃபைலுக்கும் நேரே ஒரு பெயர்தான் இருக்கும்.