பில் போட்டாச்சு, பணம் வரலையா?

மதுரை கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையை நம்பி லேப், சர்ஜிக்கல் கடை, மெஸ். கல்லூரிகளை நம்பி ஜெராக்ஸ், பைண்டிங். கல்யாணம், கட்சி, கடைத்திறப்பு எல்லாவற்றையும் நம்பி அச்சகமும் ஃப்ளெக்ஸும். தொழில் வேறானாலும் எல்லாருடைய கல்லாப்பெட்டிக்குள்ளும் ஒரு பாக்கி நோட்டு கிடக்கும். கேட்டால் வரும் பதில்களும் ஒன்றுதான்: “திருவிழா முடியட்டும்ணே”, “பாலம் வேலையில யாவாரமே படுத்துருச்சு”, “முதலாளி ஊர்ல இல்ல.”

பாக்கி வைப்பவர்களில் ஏமாற்ற நினைப்பவர்கள் குறைவு. கையில் இருக்கும் காசை, விடாமல் கேட்பவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். கூச்சப்படுகிறவர் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார், கோபப்படுகிறவர் வரிசையை விட்டே வெளியேறுகிறார். தேதியும் கையெழுத்தும் வைத்திருப்பவருக்குக் கூச்சம், கோபம் இரண்டுமே தேவைப்படாது.

செய்ய வேண்டியவை

1. ஆர்டர் எடுக்கும்போதே தேதி பேசுங்கள். கொட்டேஷனிலேயே ‘டெலிவரியிலிருந்து 15 நாளில் பணம்’ என்று ஒரு வரி இருக்கட்டும். பார்ட்டி வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று போட்டாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

2. நாள் கடந்தால் மதிப்பில்லாத சரக்குக்கு முன்பணம் வாங்குங்கள். கல்யாண ஃப்ளெக்ஸ், திறப்பு விழா நோட்டீஸ், தேர்தல் போஸ்டர் எல்லாம் இந்த ரகம். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அதற்கு எடைக்குப் போடும் விலைதான். வேட்பாளர் தோற்றுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? பாதி ஆர்டரோடு, மீதி டெலிவரியோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. டெலிவரி சலானில் கையெழுத்து, பெயர், தேதி மூன்றும் வாங்குங்கள். வாட்ச்மேனிடம் சரக்குக் கட்டை இறக்கிவிட்டு வருவது டெலிவரி ஆகாது. இரண்டு மாதம் கழித்து “பிரிண்ட் சரியில்லையே” என்பவரிடம் காட்ட இந்தத் தாள்தான் இருக்கும். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

4. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை இன்றே முடித்துவிடுங்கள். ஆதார், பான் எண் இருந்தால் அரசு தளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம். இடைத்தரகருக்கு ஆயிரம், ரெண்டாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. பாக்கி விழுந்த பிறகு பதிந்து பழைய பில்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டால் சிக்கல். உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

5. பணம் தர எம்எஸ்எம்இ சட்டம் வைக்கும் கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18. ஒரு லட்ச ரூபாய் பாக்கிக்கு ஆறு மாதத்தில் வட்டி மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆகும். இந்தப் பாதுகாப்பு உற்பத்தியும் சேவையும் செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு. வாங்கி விற்கும் கடைகளுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

6. கெடு முடிந்த மறுநாளே கேளுங்கள், சுருக்கமாகக் கேளுங்கள். இப்படி:

“வணக்கம்ணே. பில் எண் 118, ரூ.42,500. நேற்றோடு தேதி முடிஞ்சிருச்சு. வெள்ளிக்கிழமை போட்டு விடுறீங்களா, திங்கட்கிழமையா? அக்கவுண்ட் நம்பர் கீழே இருக்கு.”

‘எப்போ தருவீங்க’ என்றால் ‘பாக்கலாம்’ என்று பதில் வரும். இரண்டு நாளைச் சொல்லிக் கேட்டால் ஒரு நாள் பதிலாக வரும். அந்த நாளை நோட்டில் குறித்து, அன்றைக்கே மறுபடி கூப்பிடுங்கள்.

7. பார்ட்டியின் கணக்கரிடமும் பேசுங்கள். முதலாளிக்கு நட்பு முக்கியம், கணக்கருக்கு மார்ச் 31 முக்கியம். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, அந்த ஆண்டுக்குள் கொடுக்காவிட்டால், அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் வந்த விதி இது. ஜிஎஸ்டியிலும் ஒரு பிடி உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராதவர், எடுத்த இன்புட் கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். இரண்டையும் மிரட்டலாகச் சொல்லாமல், “சார், உங்க ஆடிட்டர் கேப்பாரு” என்று ஞாபகப்படுத்தினால் போதும்.

8. ஆண்டுக்கு ஒரு முறை பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் சீலும் போட்ட கடிதம் வாங்குங்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

9. கேட்டும் வராவிட்டால் படிப்படியாகப் போங்கள். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம். பிறகு எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் மனு. அது குறு, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். மதுரைக்கென்றே மண்டல மன்றம் உண்டு, வழிகாட்ட மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. மன்றத்தின் உத்தரவை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சின்னத் தொகைக்கு மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமில்லாமல் சமரசம் பேசலாம்.

செய்யக்கூடாதவை

1. பத்துப் பேர் இருக்கும்போது கடைவாசலில் நின்று சத்தம் போடாதீர்கள். மானம் போனவர் பணம் தருவதை மறந்து பழி தீர்ப்பதை நினைப்பார். வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடுவதும் வேண்டாம். பாக்கிக்காரரே உங்கள்மீது அவதூறு வழக்குப் போட இடமாகிவிடும்.

2. கொடுத்த சரக்கை ஆள் வைத்துத் தூக்கி வராதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் போலீஸ் கேஸ் உங்கள் மேல் விழும்.

3. வெறும் பாக்கிக்குக் காவல் நிலையத்தை நம்பாதீர்கள். அது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். ஆனால் செக் திரும்பியிருந்தால் நாள் கடத்தாதீர்கள். செக் திரும்பியதாக வங்கி தகவல் தந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்கு 15 நாள் அவகாசம். அதிலும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். ஒரு கெடு தவறினாலும் பிடி தளர்ந்துவிடும்.

4. “பாதி போட்டிருக்கேன்” என்றதும் வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். எந்தப் பில்லுக்கு, மீதி எவ்வளவு, எந்தத் தேதி என்று அன்றே செய்தி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பேர் கணக்கும் இரண்டு விதமாக நிற்பது இங்கேதான் தொடங்குகிறது.

5. பில்லை மாதக் கடைசியில் சேர்த்துப் போடலாம் என்று தள்ளாதீர்கள். நீங்கள் தாமதித்த நாளையும் பார்ட்டி தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் பணம் வராவிட்டாலும் அந்தப் பில்லின் வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அதனால் பணம் சீக்கிரம் வர, பில்லும் சீக்கிரம் போக வேண்டும்.

6. பழைய பாக்கி நிற்கும்போது முகத்துக்காகப் புது ஆர்டர் எடுக்காதீர்கள். “வேலையை முடிச்சுக் குடுங்கண்ணே, ரெண்டையும் சேத்துத் தாரேன்” என்று வருபவரிடம், “டிசைன் ரெடியா வச்சிருக்கேன், பழையது வந்ததும் மெஷின்ல ஏத்திருவோம்” என்று சொல்லிப் பாருங்கள். அவசர வேலையாக இருந்தால், முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் ஜிபேயில் பணம் வரும்.