சனிக்கிழமையை விட்டுக் கொடுக்காதீர்கள்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு, அங்கே சனியும் ஞாயிறும். திகாம் பத்துவில் உட்கார்ந்துகொண்டு பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலை செய்து கொடுக்கும் ஃப்ரீலான்ஸர்களுக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கோலாலம்பூர் ஏஜென்சியோ காலை ஒன்பதுக்கே வாட்ஸ்அப்பில் திருத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஏஜென்சிக்கு விடுமுறை. சுங்கைப்பட்டாணிக் கடைக்காரர் பேனர் என்ன ஆயிற்று என்று அழைப்பார். இரண்டு பக்கத்துக்கும் ஈடு கொடுக்கப் போய் வாரத்தின் ஏழு நாளும் வேலை நாளாகிவிடுகின்றன. டிசைனர், மொழிபெயர்ப்பாளர், வீடியோ எடிட்டர் என்று தொழில் மாறினாலும் முதுகுவலியும் கண் எரிச்சலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வழியும் இதே நாட்காட்டியில்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரு பக்கத்துக்கும் விடுமுறை. அந்த ஒரு நாளை முழுசாக மூடிவிடுங்கள். "சனிக்கிழமை வேலை பார்ப்பதில்லை. வெள்ளி மாலை ஐந்துக்குள் வரும் திருத்தம் திங்கள் காலை பத்துக்குள் உங்கள் கைக்கு வரும்" என்று விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அவசர வேலைக்குத் தனிக் கட்டணம் என்று அதே தாளில் போட்டுவிட்டால் பாதி அவசரங்கள் தானாகக் குறைந்துவிடும். கல்யாணப் படம், மேக்கப், மணவறை அலங்காரம் என்று இருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறில்தான் பிழைப்பு. அவர்கள் செவ்வாயைப் பிடித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு நம்மவர்கள் முகூர்த்தம் வைப்பது அரிது.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு மிகப் பிடித்த நாள். கெடாவில் பள்ளிக்கூடம் உண்டு என்பதால் பிள்ளைகள் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். தென்பக்கத்து வாடிக்கையாளர்கள் திங்கள் வரை அழைப்பதில்லை. நாடு முழுக்க ஃப்ரீலான்ஸர்கள் தேடும் அந்த அமைதியான இரண்டு மூன்று மணி நேரம் நமக்குச் சும்மா கிடைக்கிறது. அதைப் படிப்புக்குக் கொடுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் பில்லில் புதிதாக ஒரு வரி சேர்க்கக்கூடிய திறன் எது என்று யோசித்து, அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கு ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்துவிட்டு எதையும் முடிக்காமல் இருப்பதைவிட அது மேல்.

தோட்டத்துப் பள்ளியில் படித்து எஸ்.பி.எம்.மோடு நின்றுபோனவர்கள் பட்டம் எட்டாது என்று நினைத்துவிட வேண்டாம். வேலை அனுபவத்தை மதிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர வழிவிடும் 'ஏப்பல்' என்ற ஏற்பாடு மலேசியத் தகுதி முகமையின் கீழ் இருக்கிறது. இளங்கலைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அனுபவத்துக்கான சான்றுகளும் தேர்வும் உண்டு. அதனால் இன்றே செய்துகொடுத்த வேலைகளை ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். வேலையோடு படிப்பவர்களுக்காக நடக்கும் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பக்கத்தில் பினாங்கிலேயே இருக்கிறது. திறன் வளர்ப்பு வகுப்புக் கட்டணத்துக்கு 2,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம் தாத்தா பாட்டிகள் சீவிய ரப்பர் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டினார்கள். அளவு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். பெரட்டுக்குப் போன ஒவ்வொருவருக்கும் தெரிந்த இந்தக் கணக்கை, மடிக்கணினியின் முன்னால் பதினான்கு மணி நேரம் உட்காரும் பேரப்பிள்ளைகள் தங்கள் உடம்புக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர்! உட்கார்ந்தே செய்யும் வேலை, இரவு பதினொன்றுக்கு ரொட்டி சானாய், பக்கத்தில் ஒரு தே தாரிக். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

விடிந்ததும் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் நடங்கள். கைப்பேசியைத் திறப்பது அதற்குப் பிறகு. ஆண்டுக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் பாருங்கள். அரசு சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். முழு உடல் பரிசோதனையைத் தனியாரிடம் செய்தால் 1,000 ரிங்கிட் வரை வரிக் கழிவு இருக்கிறது.

ஆண்டுக்கும் ஒரு தாளம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. விழாத் தொழிலில் இருப்பவர்கள் அந்த மாதங்களைப் பயந்து கழிக்காமல், நீண்ட வகுப்பையும் குடும்பப் பயணத்தையும் அங்கே வையுங்கள். தொழில் வருமானம் உள்ளவர்கள் பி படிவத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஜூன் 30. கணக்கை முடித்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்தால் ஆடி பிறந்துவிடும். புரட்டாசியில் தீபாவளி வேலை குவியும்; அப்போது புதிய படிப்பு எதையும் தொடங்க வேண்டாம்.

கடைசியாக, விடுமுறை எடுக்கத் துணிச்சல் வர வேண்டுமானால் பின்னால் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும். ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில், 60 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்வோர் தாமாகப் போடும் பணத்துக்கு அரசு 2025 முதல் 20 விழுக்காடு சேர்க்கிறது. ஆண்டுக்கு உச்சம் 500 ரிங்கிட். ஆக, 2,500 போட்டால் முழுத் தொகையும் கிடைக்கும். படப்பிடிப்புக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்தால் சிகிச்சைக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் கைகொடுப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ நடத்தும் சுயதொழில் பாதுகாப்புத் திட்டம். இவற்றில் இன்னும் சேராதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் படிப்பிலிருந்து கடன் வாங்குங்கள். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு அது வேலை நாள். சுங்கைப்பட்டாணிக்கு ஒரு நடை போய்ப் பதிந்துவிட்டு, பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.