ஜெர்மனியில் பல்கலைக்கழகக் கல்வி

பாட அட்டவணையில் காலை மணி 10.00 என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆனால், விரிவுரை தொடங்குவதோ பெரும்பாலும் மணி 10.15க்குத்தான். இந்தக் கால்மணி நேர இடைவெளி ஜெர்மனியப் பல்கலைக்கழகங்களின் பழைய மரபு. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டித் தங்கள் பாராட்டைத் தெரிவிப்பார்கள். பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப் பதிவும் எடுக்கப்படுவதில்லை. இதைக் கேட்டதும் அங்குப் படிப்பது மிக எளிது என்று நமக்குத் தோன்றலாம். உண்மை அதுவன்று.

ஜெர்மனியில் உயர்கல்வியின் வரலாறு நீண்டது. அந்நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம் 1386ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் நகரில் தோன்றியது. இன்று அங்கு உயர்கல்வியை வழிநடத்தும் பொறுப்பு பெரும்பாலும் 16 மாநில அரசுகளிடம் உள்ளது. ஆய்வில் நாட்டம் உள்ளவர்கள் பல்கலைக்கழகங்களில் சேர்கின்றனர். தொழில்துறையோடு நெருங்கிய செய்முறைக் கல்வியை விரும்புவோருக்கெனத் தனி உயர்கல்விக் கழகங்களும் உள்ளன.

1999ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோன்யா நகரில் 29 ஐரோப்பிய நாடுகள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டில் பெற்ற பட்டம் மற்ற நாடுகளிலும் எளிதில் புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் பின்னர், ஜெர்மனியிலும் பெரும்பாலான துறைகள் புதிய அமைப்புக்கு மாறின. பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் படிப்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். முதுகலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். மருத்துவம் போன்ற சில துறைகளில் மட்டும் மாணவர்கள் அரசுத் தேர்வு எழுதித் தகுதி பெறுகின்றனர்.

ஓராண்டு இரண்டு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. குளிர்காலப் பருவம் அக்டோபரிலும் கோடைக்காலப் பருவம் ஏப்ரலிலும் தொடங்கும். ஒரு பருவத்திற்கு 30 கிரெடிட் புள்ளிகள் வீதம், மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு 180 புள்ளிகள் தேவை. ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமன்றி, நூலகத்தில் படிப்பதும் கட்டுரை எழுதுவதும் தேர்வுக்கு ஆயத்தமாவதும் இக்கணக்கில் அடங்கும். அதாவது, ஒரு பருவத்தில் மாணவர் 750 முதல் 900 மணி நேரம் உழைக்க வேண்டும். விரிவுரைகள் இல்லாத வாரங்களும் முழு விடுமுறையல்ல. ஆய்வுக் கட்டுரைகளும் தொழிற்பயிற்சியும் பெரும்பாலும் அவ்வாரங்களில்தான் நடைபெறும்.

இந்த உழைப்பை யாரும் அன்றாடம் கண்காணிப்பதில்லை. தவறவிட்ட பாடத்தை ஈடுசெய்வது மாணவரின் கடமை. பருவ இறுதியில் தேர்வு வரும்போதுதான் அதன் விளைவு தெரியும். அங்கு 1.0 என்பதே மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி. பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயத் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாம் முறையும் தோல்வியுற்றால், அப்படிப்பைத் தொடரும் வாய்ப்பே போய்விடும்.

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் இளங்கலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் வசூலிப்பதில்லை. பருவந்தோறும் செலுத்தும் தொகை மாணவர் நலச் சேவைகளுக்கும் பல இடங்களில் பொதுப் போக்குவரத்துப் பயணச் சீட்டுக்கும் பயன்படுகிறது. எனினும், பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வரும் பெரும்பாலான மாணவர்களிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெறுகிறது. உணவு, தங்குமிடச் செலவுகளும் மாணவரையே சாரும்.

1810ஆம் ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகம் திறக்கப்படக் காரணமாயிருந்தவர் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட். கற்பித்தலும் ஆய்வும் இணைந்தே நடைபெற வேண்டும் என்பது அவரது கொள்கை. அறிவை ஆசிரியர் ஊட்ட மாணவர் உண்பதன்று. இருவரும் சேர்ந்து தேட வேண்டியது என்பதே அதன் உட்பொருள். வருகைப் பதிவு எடுக்காத அந்த விரிவுரை மண்டபம் இன்றும் அந்த நம்பிக்கையோடுதான் மாணவரை வரவேற்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது மாணவரின் கையில்தான் உள்ளது.